பிசினஸ்மேன்

“உங்க பேப்பர்ல எங்க வீட்டுக்காரரை என்னன்னு போட்டிருக்கீங்க சார்?”

மாடியேறி வந்த மூச்சு அடங்குமுன் கேட்டாள் அம்சவல்லி. கையில் நேற்றைய ஆங்கில நாளிதழ்.

குழந்தைராஜ் அந்த நாளிதழின் தஞ்சாவூர் நிருபர். ஆற்று மணலோடு லாரி பிடிபட்டது, டிரைவர் தங்கையன் கைது என்ற செய்தி அவர் எழுதியதுதான். டிரைவரின் மனைவி கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

“ஸ்மக்லர்னு போட்டிருக்கேன். கடத்தல்காரர்னு அர்த்தம். அதையெல்லாம் மாத்த முடியாதும்மா.”

“மாத்தச் சொல்லி யாரு வந்தா? திருட்டு மணல்னு தெரிஞ்சுதானே ஓட்டினாரு. அதுக்குக் கீழேயே பஞ்சநதம் பேரும் இருக்காமே. அவரை என்னன்னு போட்டிருக்கீங்க?”

பஞ்சநதம் லாரி முதலாளி. வழக்கில் அவர் பெயரும் உண்டு.

“பிசினஸ்மேன்.”

“பால்வாடி டீச்சரும் அப்படித்தான் படிச்சுச் சொன்னாங்க. நான்தான் நம்பல. ஓட்டினவரு கடத்தல்காரரு, ஓட்டச் சொன்னவரு பிசினஸ்மேனா?”

“அவர் மேல குற்றம் இன்னும் நிரூபணம் ஆகலியே.”

“எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் கோர்ட்டு நேத்தே தீர்ப்பு சொல்லிடுச்சா?”

குழந்தைராஜ் அவள் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். பிசினஸ்மேன் என்று எழுதும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. யாரும் மிரட்டவுமில்லை. கை தானாக எழுதியிருந்தது. அதுதான் அவரை உறுத்தியது.

“சரி. இன்னிக்குச் செய்தியில ரெண்டு பேரையுமே குற்றம் சாட்டப்பட்டவர்னு போட்டுடறேன்.”

“எந்த வார்த்தையா இருந்தாலும் சரி சார். ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும்.”

“யோசிச்சுக்குங்கம்மா. உங்க வீட்டுக்காரரை நாளைக்கு ஜாமீன்ல எடுக்கப்போறது பஞ்சநதம்தான். அவரை எதுக்குப் பகைச்சுக்கணும்?”

“மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாப் போச்சு. எங்க வாய்க்கால் மேட்டுல நிக்குது. ஆத்துல தண்ணி ஓடுது, வாய்க்கால்ல ஏற மாட்டேங்குது. நட்ட பயிரு கருகிடுச்சு. இதுக்கு மேல என்ன சார் பகை?”

“இதை முன்னாடியே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லித் தடுத்திருக்கலாமே?”

“சொல்லாமலா? ‘நான் இல்லேன்னா வேற டிரைவரு ஓட்டுவான்’னாரு.”

அம்சவல்லி பேப்பரை மடித்து அவர் மேசையில் வைத்தாள்.

“எங்க வீட்டுக்காரரு மட்டும் மாட்டினாப் போதும்னா, லாரி எந்த ரோட்டுல வருதுன்னு நான் எதுக்கு சார் போலீஸுக்குப் போன் போட்டேன்?”