ஓட்டை விழுந்த கார்டு

"அது என்னோட கிளி சார்!"

கடைக்குள் நுழைந்ததுமே துர்காதேவி கத்தினாள். பட்டுக்கடை முதலாளி குமாரசாமிக்குச் சுர்ரென்று ஏறியது. அவருக்கு நெய்து கொடுக்கும் வரதராஜனின் மகள் அவள். சொந்தமாகக் காமிக்ஸ் போடுகிறாள். அதில் வரும் குடை பிடித்த கிளியைக் கல்யாணப் புடவை ஒன்றின் முந்தானைக்கு அவர் எடுத்துக்கொண்டார். கேட்கவில்லைதான். அதற்காக நடுக்கடையில் வந்து கத்துவதா?

"கிளி இன்னா உங்க வூட்டுச் சொத்தா? உங்கப்பனே வாயத் தொறக்காம நெய்துக்கினு இருக்கான். நீ இன்னா பெரிய ஆர்ட்டிஸ்ட்டா? ஒரு விசிட்டிங் கார்டாவது இருக்குதா உங்கிட்ட?"

"இருக்குது." ஒன்றை எடுத்து மேசைமேல் அறைந்தாள்.

தடித்த அட்டை. அதில் வரிசையாக ஓட்டைகள். நடுவே கறுப்பு மையில் கிளி, கீழே பெயரும் போன் நம்பரும்.

குமாரசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "பிரஸ்ல அடிக்கக் கூட வக்கில்லாம, தறியில டிசைன் விழறதுக்கு மாட்டற அட்டைய வெட்டிக்கினு வந்துட்டியா!"

"ஆமா சார். பைசா செலவில்ல. சென்னையில காமிக்ஸ் கண்காட்சி நடக்குது, அங்க கொடுக்கப் போறேன்."

"கொடு, கொடு. எந்தக் காலத்துப் புடவையோட அட்டைம்மா இது?"

"வெள்ளிக்கிழமை நீங்க கொடுக்கவேண்டிய கிளிப் புடவையோடது சார். அப்பாதான் தறியிலேருந்து கழட்டி, அவர் கையாலயே வெட்டிக் கொடுத்தாரு. முந்தானை இன்னும் பாதி பாக்கி இருக்குதாம்."