தலைவரின் கண் தராசு

எல்லாக் கைகளும் இறங்கிவிட்டன. ஒன்று மட்டும் இறங்காமல் நிற்பதாகத் தலைவர் மெல்கியோருக்குத் தெரிந்தது.

"அங்க யாரோ இன்னும் அட்டையைத் தூக்கிட்டு நிக்கிறாங்களே?" என்று செயலரின் காதைக் கடித்தார். செயலர் எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே யாரும் கை தூக்கவில்லை என்றார். பிப்ரவரியிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் இதே கேள்வி, இதே பதில். அவருக்கும் சலித்துவிட்டது.

நாய் வரி நிறைவேறியது. அடுத்தது சாலைச் சட்டம்.

மே மாத ஞாயிறு. அந்தச் சுவிஸ் மலை மாநிலத்தின் குடிமக்கள் பலகை அடித்த பெரிய வளையத்துக்குள் தோளோடு தோள் இடித்து நின்று, தங்கள் சட்டத்தைத் தாங்களே போட்டுக்கொள்ளும் நாள். நடு மேடையில் கறுப்புக் கோட்டும் ஊன்றிய வாளுமாகத் தலைவர். அந்த வாள் வெண்ணெய்க் கட்டியைக்கூட வெட்டியதில்லை. ஆனாலும் அதை ஊன்றிக்கொண்டால் எவருக்கும் அரையடி உயரம் கூடிவிடும்.

இங்கே ஓட்டை எண்ணுகிற வழக்கமில்லை. வேண்டும் என்பவர்கள் ஓட்டு அட்டையோடு கை தூக்குவார்கள், பிறகு வேண்டாம் என்பவர்கள். எது அதிகம் என்று தலைவர் கண்ணால் அளந்து சொல்வதுதான் முடிவு, அதற்கு அப்பீல் கிடையாது. "என் கண்ணு தராசு மாதிரி" என்று போகிற கல்யாணத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் மெல்கியோர்.

போன வருஷம் தராசு தடுமாறியது. பனி சரியும் அபாயம் இருந்தால் மேல் பள்ளத்தாக்குச் சாலையை உடனே மூடிவிட அந்த ஊருக்கே அதிகாரம் வேண்டும் என்று ஒரு பள்ளி ஆசிரியர் சட்டம் கொண்டுவந்திருந்தார். கைகள் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம். மறுபடி தூக்கச் சொன்னார், மறுபடியும் அப்படியே. சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்பதே பெரும்பான்மை என்று அறிவித்து, வாளால் மேடையை ஒரு தட்டுத் தட்டினார்.

இந்தப் பிப்ரவரியில் அந்தச் சாலையில் பனி சரிந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் விடுதி நடத்தும் ரெகுலாவின் விருந்தாளிகளை ஏற்றிவரக் கிளம்பிய வேன் அதற்குள் புதைந்தது. ஓட்டியவன் அவள் மகன் யோஸ்ட்.

அன்று தொடங்கியதுதான் தலைவருக்கு இந்தக் கை. தேவாலயத்தில் எல்லாரும் தலை குனிந்திருக்கும்போது தூக்கியபடி நிற்கும். ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும். சவரம் செய்யும்போது கண்ணாடியில், அவர் தோளுக்குப் பின்னால் நிற்கும். கண் மருத்துவர் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டபிறகுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இப்போது அதே சட்டம் மறுபடி வந்திருக்கிறது. ஒரே ஓர் ஆள் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் இந்தக் கூட்டத்தில் வைத்தே ஆகவேண்டும். இந்த முறை கையெழுத்து ரெகுலாவுடையது.

விடுதிக்காரர் சங்கத்தின் பேச்சாளர் முதலில் ஏறினார். முன்னோர்களின் சுதந்திரம், மலைக்காற்று, தனிமனிதப் பொறுப்பு என்று ஆரம்பித்தவர், கீழே கறுப்புச் சால்வையில் நின்றவளைப் பார்த்ததும் முன்னோர்களைப் பாதியிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

ரெகுலா ஏறினாள். கையில் குறிப்புக் காகிதம் இல்லை.

"இந்தச் சட்டத்துக்காக என் பையன் போன வருஷம் இங்க நின்னு கை தூக்கினான். சட்டம் வந்திருந்தா பனி சரிஞ்ச அன்னைக்கு ரோட்டை மூடியிருப்பாங்க. அவ்வளவுதான்."

வளையம் மொத்தமும் அவளைப் பார்க்கவில்லை. தலைவரைத்தான் பார்த்தது.

வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். விடுதிக்காரர்கள்கூடத் தூக்கினார்கள். தராசுக்கு வேலையே இல்லை, கண் தெரியாதவர்கூடச் சொல்லிவிடலாம். நிறைவேறியது என்று அறிவித்தார். கைகள் இறங்கின. அந்த ஒன்று மட்டும் இறங்கவில்லை.

கூட்டம் கலைந்து, ஊரே தொத்திறைச்சியையும் உருளைக்கிழங்கு மசியலையும் தேடிப் போனது. தலைவர் வாளைச் செயலரிடம் கொடுத்தார். அப்படிக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. வருத்தம் தெரிவிக்க 'ஆழ்ந்த', 'ஈடுசெய்ய இயலாத' என்றெல்லாம் போட்டு வாரக்கணக்கில் தயார் செய்திருந்தார். மேசை ஓரத்தில், தொடாத தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரெகுலாவின் எதிரே போய் நின்றதும் அதில் ஒரு வார்த்தையும் மிஞ்சவில்லை.

"போன வருஷம் நான் தப்பாப் பார்த்துட்டேன் ரெகுலா" என்றார். "பசி. சீக்கிரம் முடிக்கணும்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். உன் பையனைக் கொன்னது என் கண்ணுதான்."

அவள் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"உங்க கண்ணு தப்புப் பண்ணல, தலைவரே."

"ஆறுதலுக்குச் சொல்லாதே."

"ஆறுதல் இல்ல. ரோட்டை மூடினா விடுதிக்கு யாரு வருவான்னு போன வருஷம் எனக்கும் அவனுக்கும் சண்டை. அவன் வேணும்னு தூக்கினான்" என்றாள் ரெகுலா. "பக்கத்துல நின்ன நான் வேண்டாம்னு தூக்கினேன்."