கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சோதனை

மழை வெள்ளம் வருமுன் மேட்டில் இடம் கேட்டு விண்ணப்பிக்க, குரங்கு ஓர் இணையதளம் செய்தது. 'கண் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம்' என்று பெரிதாகப் போட்டும் கொண்டது.

கண்ணில்லாத மண்புழு அதைத் திறந்தது. திரையைப் படித்துச் சொல்லும் குரல், "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. மண்புழு ஏதோ ஒரு பட்டனை அழுத்தியது. விண்ணப்பம் ரத்தாகிவிட்டது.

கொதித்துப்போய்க் குரங்கிடம் வந்தது. "எந்தப் பட்டன் எதுக்குன்னே சொல்லலையே. யார் சோதிச்சது?"

"நான்தான், கண்ணைக் கட்டிக்கிட்டு. சுலபமா வந்துச்சு."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"உன்னை எதுக்குச் சிரமப்படுத்தணும்னுதான்."

"சரி. உங்க தளத்துல எது எங்கேன்னு உங்களுக்கு மனப்பாடம். நரியும் ஒரு தளம் செஞ்சிருக்கு, அதுல இப்ப அதே மாதிரி அழுத்துங்க."

குரங்கு கண்ணைக் கட்டிக்கொண்டது. "பட்டன், பட்டன்" என்றது குரல்.

"இரு, கட்டை அவிழ்த்துட்டுப் பார்க்கிறேன்."

"நான் எதை அவிழ்க்கட்டும்?" என்றது மண்புழு.