குரல் கொடுக்கும் வேலை

“சொந்தக்காரனப் படகுல ஏத்த மாட்டோம் தம்பி. அழுவீங்க, குதிப்பீங்க, அப்புறம் உங்களையும் சேத்துத் தேடணும்” என்றார் நெய்னா முகம்மது.

இடுப்பளவு வெள்ளத்தில் நின்று சம்பான் படகின் விளிம்பைப் பிடித்திருந்த வேலாயுதம் கையை எடுக்கவில்லை. “என் தங்கச்சி புள்ளைங்க பாய். அழ மாட்டேன். குதிக்க மாட்டேன். சொன்னபடி கேக்குறேன்.”

“என்ன வேலை பாக்குறீங்க?”

“கப்பலடியில. மேல்தட்டுல நின்னுக்கிட்டு அடித்தட்டுல இருக்கிற ஆளுங்களுக்குக் குரல் குடுக்கிறது.”

அந்தக் குரலுக்காகத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து கத்திக் கத்தி மீட்புத் தொண்டர்கள் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. நெய்னா முகம்மது ஒரு துணிப்பட்டையை எடுத்து அவன் புஜத்தில் கட்டி முடிச்சை இறுக்கினார்.

“சேந்தாச்சு. இனிமே நீங்க மாமன் இல்ல, தொண்டன். ஞாபகம் இருக்கட்டும்.”

சாலை மேட்டில், பள்ளிக்கூடத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் லாரியில் அவன் தங்கை பூவம்மா இருந்தாள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனவள். திரும்புவதற்குள் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. லாரி நகர்ந்தபோது அவள் எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

“அண்ணே! ஒரு தடவ கூப்பிட்டுட்டு வந்துராத! திரும்பத் திரும்பக் கூப்பிடுண்ணே!”

பெற்ற வயிறு வேறு எப்படிச் சொல்லும் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினான்.

படகில் முறை கறாராக இருந்தது. வீட்டுக்கு ஒரு குரல். குரல் கொடுத்ததும் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். பதில் வந்தால் நிற்பார்கள். வராவிட்டால் அடுத்த வீடு.

“கத்திக்கிட்டே இருந்தா உள்ளேருந்து முனகுறது காதுல விழுமா? ஒரு தடவ கூப்பிடு, வாய மூடு, கேளு. அவ்வளவுதான்” என்றார் நெய்னா முகம்மது.

வேலாயுதம் முதல் குரல் கொடுத்தபோது துடுப்புப் போட்ட அழகப்பன் காதைத் தேய்த்துக்கொண்டான். “யம்மாடி! இதுக்கு ஜொகூர்லேருந்து பதில் வரும் லா.”

ஜொகூரிலிருந்து வரவில்லை. ஆனால் ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்பு வீட்டுக்குள்ளிருந்து, யாரோ தகரத்தை நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம் வந்தது. கூரையைப் பிரித்தார்கள். அலமாரியின் மேல் ஒரு சீனப் பெண் படுத்திருந்தாள். முறையில் வேலாயுதத்துக்கு நம்பிக்கை வந்தது.

தங்கை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. கூரையின் ஓரம் வரை தண்ணீர். பின்னால் ரம்புத்தான் மரம் கறுப்பாக ஒரு குவியல் போலத் தெரிந்தது. அழகப்பன் டார்ச்சைக் கூரைமேல் அடித்தான்.

“சிவகாமீ! பாலூ!”

தூக்கிய துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. தவளைகள். எங்கோ ஒரு நாய். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஒன்றும் இல்லை.

“பாய், இன்னொரு தடவ...”

“இங்க மட்டும் ரெண்டு தடவன்னா, மத்த வீட்டுப் புள்ளைங்க என்ன பாவம் செஞ்சுச்சு?” அவர் குரலில் கோபமில்லை. “நீங்க சொன்ன சொல்லு தம்பி.”

வேலாயுதம் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். படகு திரும்பியது. அவன் அழவில்லை, குதிக்கவில்லை. அடுத்த வீட்டில் கொடுத்த குரலும் கணீரென்றுதான் இருந்தது. உத்தரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்த ஒரு மலாய்க் குடும்பத்தை அங்கே இறக்கினார்கள். அவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவனுக்கு மட்டும் அந்த வீடுகளெல்லாம் ஒரே வீடாகத் தெரிந்தன.

பொழுது விடிந்தபின் அதே வழியாகத் திரும்பினார்கள். இனி உயிரோடு யாரும் இல்லை, உடல்களைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

ரம்புத்தான் மரத்தில் ஒரு புடவையின் சிவப்பு தெரிந்தது.

சிவகாமி தன்னைக் கிளையோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கண் மட்டும் விழித்திருந்தது. பக்கத்துக் கிளையில் ஒன்றுமில்லை.

வேலாயுதம் மரத்தில் ஏறிப் புடவை முடிச்சை அவிழ்த்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டான். “தம்பி எங்கம்மா?”

“புடிச்சிக்கிட்டேதான் இருந்தேன் மாமா. தூங்கிட்டான். நழுவிட்டான்.” அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை.

படகில் அவளைக் கிடத்தி அழகப்பன் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். நெய்னா முகம்மது குனிந்து அவள் தலையைத் துவட்டினார். “ராத்திரி முழுக்க இங்கேயாம்மா இருந்தீங்க? யாரும் இந்தப் பக்கம் வரலையா?”

“மனுசங்க யாரும் வரல.”

துவட்டிய கை நின்றது. வேலாயுதம் அவரைப் பார்க்கவில்லை. அவரும் அவனைப் பார்க்கவில்லை.

சிவகாமி மாமனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், அவன் காதுக்குள் சொன்னாள்.

“பேய்தான் வந்துச்சு மாமா. வெளிச்சம் காட்டிக்கிட்டு, பேய் எப்படிக் கூப்பிடும்னு அம்மா சொன்னாங்களோ அதே மாதிரி ஒரே ஒரு தடவ கூப்பிட்டுச்சு, அதுவும் உங்க குரல்ல. தம்பி பதில் சொல்ல வாயத் தொறந்தான், நான் இறுக்கிப் பொத்திட்டேன்.”