ஐந்தாவது குத்து

தென்கொரியாவின் பூசான் நகரில் மிஜோங் தன் ஆறு வயது மகள் ஹாரினுக்கு நாளுக்கு நான்கு முறை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் ஹாரின் அழுவாள். ஒரு வாரமாகச் சர்க்கரை பார்க்கும் கருவியில் தினமும் ஐந்தாவதாக ஓர் எண் பதிவாகி வந்தது. பிற்பகல் மூன்று மணி, எப்போதும் 104. அந்த நேரம் மிஜோங் அடுப்படியில் கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோஸ் நறுக்குவாள். வீட்டில் வேறு யாருமில்லை.

“யாருடி குத்துனது?”

“இன்னொரு அம்மா. அவங்க குத்துனா வலிக்கவே இல்ல.”

மிஜோங்குக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு ஹாரின் சுவரைப் பார்த்துச் சிரித்தபடி விரலை நீட்டினாள். மிஜோங் பாய்ந்து அந்த விரலைப் பற்றினாள்.

“இது எம் புள்ள. நான்தான் குத்துவேன்.”

குத்தினாள். ஹாரின் அழவில்லை.

“வலிக்கலையாடி?”

“இல்லம்மா. அவங்கதான் உன் கையப் புடிச்சிருக்காங்களே.”