கசப்புச் சோதனை

"கசக்குதா, சிஸ்டர்?"

"இல்ல தம்பி. இன்னும் ரெண்டு தடவை அடிங்க."

எஞ்சினியர் ஸ்பிரேயை இன்னும் இரண்டு முறை அடித்தான். தலைமை நர்ஸின் தலையை மூடியிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் கசப்பு மருந்து புகையாகப் பரவியது. உள்ளே அவர் போட்டிருக்கும் முகக்கவசத்தில் ஊசிமுனை அளவு இடுக்கு இருந்தாலும் போதும், கசப்பு உள்ளே புகுந்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் சோதனை. கசந்தால் கவசம் குப்பைக்கு, கசக்காவிட்டால் வார்டுக்கு.

மருத்துவமனையில் நல்ல கவசங்கள் இன்றோடு தீர்கின்றன. வெளியே எங்கே கேட்டாலும் கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் எஞ்சினியரைக் கூப்பிட்டு, கைக்குக் கிடைத்ததில் ஏதாவது தேறுமா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எதையும் குடைந்து குடைந்து பார்க்கிற வேலை என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் இந்த முறை விஷயம் வேறு. நாளைக் காலை தொற்று வார்டுக்குள் போகிற நர்ஸ்களில் அவன் மனைவியும் ஒருத்தி. இன்று அவன் எதைத் தேர்ந்தெடுக்கிறானோ, அதைத்தான் அவள் மாட்டிக்கொண்டு போவாள்.

அந்தக் கவலையில் காலையில் அவளிடமே சண்டை போட்டிருந்தான். சாப்பாட்டில் உப்பே இல்லை என்று தட்டைத் தள்ளினான். அளவாகத்தான் போட்டேன் என்று அவள் சொல்ல, இவன் ஒன்று சொல்ல, கடைசியில் முகம் கொடுக்காமலேயே கிளம்பி வந்துவிட்டான். பயம் வந்தால் சில ஆண்களுக்குச் சாப்பாட்டில்தான் குறை தெரியும்.

தலைமை நர்ஸை இந்தச் சோதனைக்குப் பிடித்ததற்குக் காரணம் அவருடைய நாக்கு. தேநீரில் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தாலும் கேன்டீன்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பார். வார்டில் அவருக்குத் 'தராசு' என்றே பெயர். நேற்று அந்த நாக்கு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பெயின்ட் அடிக்கிறவர்கள் கட்டுவது, நீச்சல் முகமூடியில் வடிகட்டி செருகியது, இரண்டு மடிப்புத் துணி என்று எல்லாவற்றையும் "கசக்குது, எடுங்க" என்று முதல் அடியிலேயே தள்ளிவிட்டார்.

இன்று போட்டிருப்பது, ஆபரேஷன் கருவிகளைச் சுற்றி வைக்கும் துணியை மடித்துத் தைத்தது. தலைமை நர்ஸ் தலையை ஆட்டினார், குனிந்து நிமிர்ந்தார், சத்தமாகப் பேசிக் காட்டினார். கசக்கவே இல்லை. நல்ல மனநிலையில் இருந்தார் போலும், இன்று கேன்டீன்காரர்கூடத் தப்பித்தார். எஞ்சினியருக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது.

தைத்தது யார் என்ற நினைப்பு வந்ததும் அந்தச் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. மருத்துவமனையின் தையல்காரர் தலைமை நர்ஸின் வீட்டுக்காரர்தான்.

கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நேற்றுத் தோற்றுப்போன துணிக் கவசத்தை எடுத்து, இது வேறு மாதிரி என்று சொல்லி மாட்டிவிட்டான்.

"இதுவும் கசக்கல தம்பி."

அவன் ஸ்பிரேயைக் கீழே வைத்தான்.

"தப்பா நினைக்காதீங்க, சிஸ்டர். நேத்து இதையே கசக்குதுன்னு சொன்னீங்க. இன்னைக்கு உங்க வீட்டுக்காரர் தச்சது வந்ததும் எல்லாமே நல்லா இருக்கு. நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு என் பொண்டாட்டி உள்ள போகப்போறா."

தலைமை நர்ஸின் முகம் சிறுத்துப்போனது.

"உள்ள போறது அத்தனையும் நான் வளர்த்த பொண்ணுங்க. அவர் தச்சதுன்னு அதுங்க உயிரோட விளையாடுவேனா?"

உறையைத் தூக்கிக் கவசத்தைக் கழற்றி மேஜையில் போட்டார். வெறும் உறையை மட்டும் திரும்ப மாட்டிக்கொண்டு, இப்போது அடியுங்கள் என்றார். அடித்தான். வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். மறுபடியும் அடித்தான்.

"உங்க மருந்துலதான் கோளாறு. ஒண்ணுமே தெரியல. நீங்களே பாருங்க."

எஞ்சினியர் தன் கவசத்தை இறக்கி, ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தான். பச்சைத் தண்ணீர். இன்னொரு சொட்டு விட்டான். அதுவும் தண்ணீர்தான்.

போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. தண்ணீரை அடித்துவிட்டு அந்த மனுஷியைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அவர் சிரித்துவிட்டார். புது மருந்து வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

மருந்தகத்துக்குப் போன் போட்டு, வெறும் தண்ணீரைக் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள் என்றதும், மருந்தாளருக்கு மூக்குக்கு மேல் கோபம். காலையில் தன் கையால் கலக்கியதாக்கும் என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று மாடியேறி வந்தார். பாட்டிலைப் பிடுங்கி, ஒரு சொட்டை விரலில் எடுத்து, கவசத்தை விலக்கி நாக்கில் வைத்தார்.

முகம் அஷ்டகோணலாகிவிட்டது. கைகழுவும் தொட்டிக்கு ஓடித் துப்பினார், கொப்பளித்தார், மறுபடியும் துப்பினார்.

"இதையா தண்ணின்னு சொன்னீங்க?" என்று நிமிர்ந்தவர், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு பேருக்கும் எப்போலேருந்து நாக்குல ருசி தெரியல?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, கதவுக்கு வெளியே போய் நின்றார். யாரும் அறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்று அங்கிருந்தே சொன்னார்.

தலைமை நர்ஸ் மேஜையில் கழற்றிப் போட்டிருந்த கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எஞ்சினியருக்குக் காலையில் தள்ளிவிட்டு வந்த தட்டு நினைவுக்கு வந்தது. அவள் உப்பை அளவாகத்தான் போட்டிருந்தாள்.