கணீரென்று கேட்ட வசனம்

"ஸ்பீக்கர் போச்சுன்னு நிதி கேட்டீங்களே அம்மணி, உள்ள வசனம் கணீர்னு கேக்குதே!"

யார்க்‌ஷயர் கடலோர ஊரின் ஒரே தியேட்டர் வாசலில் நின்றபடி கேட்டார் நகராட்சி அதிகாரி ஹார்டிங்.

"நெசமாவே போச்சு சார்" என்றார் உரிமையாளர் டோரின், அசராமல்.

"யார்கிட்ட கதை விடறீங்க? விண்ணப்பத்தை இன்னைக்கே தள்ளிடுவேன். அப்புறம் தியேட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்."

டோரின் அரங்கின் கதவைத் திறந்தார்.

திரையில் ஊருக்கே மனப்பாடமான பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வசனம் முழுவதையும் பேசிக்கொண்டிருந்தவர்கள், இருக்கைகளில் இருந்த ஊர்க்காரர்கள்.

படத்தில் பாதிரியார் விரித்த குடையோடு குளத்தில் விழுந்தார். எழுந்து அவர் சொல்லும் வசனத்தை எல்லோருக்கும் முந்திச் சொன்னவர் ஹார்டிங்.